யாரோ கழற்றிய கெப்பாசிட்டர்

ஆர்லீன் நெமெத்திடம் யாராவது "இதுக்குக் காசே வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் போதும், அவள் கை தானாகக் கைப்பையின் மேல் போய்விடும். பல்பொருள் கடையில் கொடுக்கும் மாதிரிச் சோப்பைக்கூட இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். பிறவிக் குணம் என்பாள் அவள் தங்கை. அப்படி இல்லை. அவளுக்குப் பதினேழு வயதில், அமெரிக்காவில் சவுத் பெண்ட் நகரத்தில் அவள் அப்பா வேலை பார்த்த கார் தொழிற்சாலையைக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் இழுத்து மூடினார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் மேற்பார்வையாளர் அப்பாவின் தோளைத் தட்டி, "வர்ற வருஷம் நமக்கு அமோகமா இருக்கும், ஸ்டீவ்" என்று சொல்லியிருந்தார். அப்பா அதை நம்பிப் புது அடுப்புக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்திருந்தார். அடுப்பு வீட்டுக்கு வரவே இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முப்பது வயதில் கணவன் ரால்ஃப் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது. எல்லோரும் அவளைத் திட்டினார்கள். அவ்வளவு நல்ல மனுஷனைப் போய், என்றார்கள். கடைசியில் அவள் நினைத்த அதே பெண்ணோடு, அவள் நினைத்த அதே ஊரில் ரால்ஃப் வீடு எடுத்திருந்தது தெரியவந்தது. சந்தேகம் ஒரு தடவை பலித்துவிட்டால் மனிதரைப் படுத்தும் பாடு பெரிது. அதற்குப் பிறகு ஆர்லீன் தன் சந்தேகத்தைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

விவாகரத்துக்குப் பின் கோஷன் என்ற சிறு நகரத்துக்கு வந்து ட்ரை-க்ரீக் கன்ட்ரோல்ஸ் என்ற சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். ரயில் பாதையை ஒட்டிய செங்கல் கட்டடம். கோழிப் பண்ணைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்வார்கள். முட்டைக் கோழிக்கு வெளிச்சம் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். பொழுது சுருங்குகிற மாதங்களில் விளக்கு போட்டு நாளை நீட்டினால்தான் முட்டை குறையாது. இந்த நேரத்துக்கு விளக்கு எரி, இந்த நேரத்துக்கு அணை, இப்போது காற்றாடியை ஓட்டு என்று சொல்கிற பெட்டி அது. முதலில் சர்க்யூட் வரைகிறவளாகச் சேர்ந்த ஆர்லீன், பெட்டிக்குள் சிப் வந்த பிறகு அந்தச் சிப்புக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவளாக மாறினாள். அந்த வேலைக்கு அவள் குணம் தோதாக இருந்தது. பொத்தானை ஒருவன் ஒரு தடவைதான் அழுத்துவான் என்று அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷ வசந்தத்தில் முதலாளி ராய்ஸ் டில்லட்சன் அவளையும் கார்த் லைனிங்கரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ராய்ஸுக்குக் கம்பெனி மாமனார் வழியில் வந்தது. கார்த் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெட்டியின் போர்டு வடிவமைப்பு அவன் பொறுப்பு. அதிகம் பேசாத ஆள். பேசாதவன் மேல் ஆர்லீனுக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும்.

"போட்டிக்காரன் விலையைக் குறைச்சுட்டான்" என்றார் ராய்ஸ். பழைய பெட்டியின் போர்டை மேஜையில் போட்டு, பென்சிலால் குத்திக் காட்டினார். "இந்தக் கடிகாரச் சிப், இந்த க்வார்ட்ஸ், இந்த பேட்டரி. மூணும் சேர்ந்து ஒரு பெட்டிக்கு ரெண்டு டாலருக்கு மேல முழுங்குது. எதுக்கு? ஆர்லீன் ப்ரோக்ராம்ல எழுதிட்டா தீர்ந்தது. சாஃப்ட்வேருக்கு என்ன செலவு? ஒரு தடவை எழுதினா லட்சம் பெட்டிக்கு ஓடும். சும்மா!"

"அப்ப என் சம்பளம்?" என்றாள் ஆர்லீன்.

"அது எப்படியும் குடுக்கிறதுதானே."

கார்த் மெல்லச் சிரித்தான். ஆர்லீன் சிரிக்கவில்லை.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். சுவரிலிருந்து வருகிற மின்சாரம் நொடிக்கு அறுபது தடவை ஏறி இறங்குகிறது. மின்வாரியம் அந்தக் கணக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும். அந்தத் துடிப்பை எண்ணினாலே நேரம் தெரிந்துவிடும், தனியாகக் கடிகாரம் எதற்கு? கார்த் துடிப்பை எடுக்கிற இடத்தில் ஒரு ரெசிஸ்டரும் சின்ன கெப்பாசிட்டரும் வைத்தான். கம்பியில் வருகிற சில்லறை அதிர்வுகளை அது விழுங்கிவிடும். சிப்புக்குச் சுத்தமான துடிப்பு மட்டும் போகும்.

ஆர்லீனும் தன் பங்குக்கு, சீக்கிரமே வந்துவிடுகிற துடிப்பைப் பொய்த் துடிப்பு என்று தள்ளிவிடச் சில வரிகள் எழுதினாள். ஆனால் ராய்ஸ் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே மலிவான சிப். அதில் ப்ரோக்ராமுக்கு இடம் குறைவு. காற்றாடிக்கான பகுதியை எழுதி முடித்தபோது மூட்டை நிரம்பி வழிந்தது. எதையாவது இறக்கியாக வேண்டும். அவள் கார்த்திடம் போனாள்.

"உன் கெப்பாசிட்டர் அங்கேயே இருக்கும்ல?"

"இருக்கும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

ஏன் கேட்டாள் என்று சொல்லவில்லை. இடம் போதவில்லை என்று சொன்னால் தன்னைத் திறமை இல்லாதவள் என்று நினைப்பான் என்ற சந்தேகம். அந்த வரிகளை எடுத்துவிட்டாள். ப்ரோக்ராம் சிப் தொழிற்சாலைக்குப் போனது. அங்கே அதைச் சிப்போடு சேர்த்தே வார்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் சிப் கொள்ளை மலிவு. ஆனால் வார்த்தபிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் புது அச்சுக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும், மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் சிப் வாங்கியாக வேண்டும். ராய்ஸ் 'சும்மா' என்று சொன்ன சாஃப்ட்வேரின் லட்சணம் இது.

கோடைக் கடைசியில் புதுப் பெட்டி கடைகளுக்குப் போனது. இலை உதிரும் காலத்தில் திரும்பி வர ஆரம்பித்தது.

எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தன. ஆர்லி ஹோக்ஸ்டெட்லர் என்ற வியாபாரி, பழைய வாழ்க்கைமுறையை விடாத ஆமிஷ் கிறிஸ்தவ சபைக்காரர், கிழக்கே கொஞ்ச தூரத்தில் தன் பண்ணையிலேயே கொட்டகை போட்டுக் கோழிப் பண்ணைச் சாமான் விற்கிறவர். தன் ஆட்களுக்கும் விற்பார், மற்றவர்களுக்கும் விற்பார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டைக் கட்டி, 'கடிகாரம் முந்தி ஓடுகிறது' என்று மட்டும் எழுதியிருந்தார். கம்பெனி மேஜையில் செருகிப் பார்த்தால் கடிகாரம் கொஞ்சமும் பிசகாமல் ஓடியது. இரண்டு நாள் ஓடவிட்டாலும் அப்படியே ஓடியது.

"ஏதோ தில்லுமுல்லு பண்றார் மனுஷன்" என்றார் ராய்ஸ். "விக்காத சரக்கைத் தள்ளிவிட்டுக் காசைத் திரும்ப வாங்கப் பாக்கிறார். பழைய பெட்டி பத்து வருஷமா அவர்கிட்ட ஒழுங்கா ஓடலையா? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

அடுத்த நாள் அவரே ஆர்லீனின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "கார்த்தோட போர்டுல ஏதாவது இருக்குமோ? நீங்க கொஞ்சம் பாருங்க. அவன்கிட்ட சொல்ல வேண்டாம். புதுப் பையன், மனசு நொந்துடும்."

இப்படிப்பட்ட வேலையை ஆர்லீனிடம் கொடுப்பது பூனையிடம் மீனைக் கொடுத்துக் காவல் இரு என்பது போல. திரும்பி வந்த பெட்டி ஒன்றைத் திறந்தாள். கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெற்றுத் துளைகள். இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் துளைகள்தான். 'இருக்கும்' என்றானே!

வேறு யாராக இருந்தாலும் நேரே போய்க் கேட்டிருப்பார்கள். ஆர்லீன் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான். அவளுக்குள் ஒரு பயமும் இருந்தது; தான் எடுத்த வரிகளைப் பற்றி அவன் கேட்டால் என்ன சொல்வது? கண்காணிக்கத் தொடங்கினாள். அவள் அறைக்குள் நுழையும்போது கார்த் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினான். வரைபடத்தைக் கவிழ்த்து வைத்தான். உதிரிபாகம் விற்கிறவனோடு இரண்டு தடவை மதியச் சாப்பாட்டுக்குப் போனான். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் ராய்ஸ் அவனுக்கு ஏதோ தருகிறார் போல என்று அவள் மனசு முடிச்சுப் போட்டது. ஒருநாள் எல்லோரும் போன பிறகு அவன் குப்பைக்கூடையைக்கூடக் கிளறினாள். ஹாம் சாண்ட்விச் சுற்றிய காகிதம் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே அவளுக்கு இன்னொரு சாட்சியாகத் தோன்றியது.

பிறகு ஒரு காலை, அவள் மேஜை இழுப்பறையில் ப்ரோக்ராம் தாள்களின் மேல் குறுக்காக வைத்திருந்த பென்சில் நேராகக் கிடந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள். அன்றே ராய்ஸிடம் போனாள்.

"கார்த் சொல்லாமக் கொள்ளாம ஒரு பாகத்தைக் கழட்டியிருக்கான். இப்ப பழியை என் ப்ரோக்ராம் மேல போட வழி தேடுறான். என் தாள்களைத் திருட்டுத்தனமாப் படிச்சிருக்கான்."

ராய்ஸ் சற்று நேரம் நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தார். "அப்படியா" என்றார். "நல்லவேளை சொன்னீங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

அந்த 'அப்படியா' அவளுக்குச் சரியாகப் படவில்லை. கேள்விப்படாததைக் கேட்ட குரலாக அது இல்லை. ஆனாலும் கையில் பிடித்த ஆளை விட மனமில்லாமல் அதை ஒதுக்கிவிட்டாள்.

அந்த வாரமே பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு, ஹோக்ஸ்டெட்லரின் பண்ணைக்குக் காரை ஓட்டினாள். பெட்டிகள் எங்கே ஓடுகின்றன என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். சோளம் அறுத்த வயல்களுக்கு நடுவே சரளைக்கல் பாதை. குதிரை வண்டி நிற்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீல பிக்அப் ஒளித்த மாதிரி நின்றிருந்தது. அவளுக்குத் தெரிந்த வண்டி. கார்த் அன்றைக்கு மகனுடைய பள்ளிக்கூடத்துக்குப் போவதாக லீவு சொல்லியிருந்தான்.

ஆர்லி ஹோக்ஸ்டெட்லர் கொட்டகை வாசலில் நின்றார். வைக்கோல் தொப்பி, நரைத்த தாடி, பேசுவதற்கு முன் ஒரு தடவை எடை போடுகிற கண்கள்.

"ட்ரை-க்ரீக்கா?" என்றார்.

"ஆமா."

"உங்காளு ஒருத்தர் ஏற்கனவே உள்ள இருக்கார். வந்ததை யாருக்கும் சொல்ல வேண்டாம்னார். நீங்களும் அதையே சொல்லப் போறீங்களா?"

ஆர்லீனுக்கு முகம் சூடாயிற்று. "சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"கம்பெனி நடத்துறீங்களா, கண்ணாமூச்சி ஆடுறீங்களா?" என்று சொல்லிவிட்டு, உள்ளே போகும்படி தாடியால் சைகை காட்டினார்.

கோழிக் கொட்டகைக்குள் கார்த் பெட்டியைத் திறந்து வைத்து மண்டியிட்டிருந்தான். பக்கத்தில் அலையைத் திரையில் காட்டுகிற ஸ்கோப். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன், அவளைப் பார்த்ததும் பெட்டியை இரண்டு கையாலும் மறைத்தான்.

"எதை மாத்தற?" என்றாள் அவள்.

"நீங்க எதை மறைக்க வந்தீங்க?"

"நானா? கெப்பாசிட்டரைக் கழட்டினது யாரு?"

"நான் கழட்டல. நீங்க கழட்டச் சொன்னீங்கன்னு நெனச்சேன்! உங்க ப்ரோக்ராம்ல இருந்த வரியெல்லாம் எங்க போச்சு? முதல்ல எழுதினதை எனக்குக் காட்டினீங்களே, பொய்த் துடிப்பைத் தள்ளுற வரி? உங்க இழுப்பறையில இருக்கிற தாள்ல அது இல்லையே!"

"அப்ப என் இழுப்பறையைத் திறந்தது நீதான்!"

"நான்தான். என் குப்பைக்கூடையைக் கிளறினது யாரு? மறுநாள் காலையில பாத்தேன், சாண்ட்விச் காகிதம் மடிச்சு வெச்சிருந்துச்சு. நம்ம ஆபீஸ்ல குப்பையை மடிச்சு வைக்கிற ஆளு உங்களைத் தவிர யாரு?"

ஆர்லீன் கோழிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதிக் கோழிகள் இறகு உதிர்ந்து, கழுத்து தெரிய நின்றன. விளக்கு கண்ட நேரத்தில் எரிந்து கண்ட நேரத்தில் அணைந்ததில் அவற்றுக்குப் பருவமே குழம்பிவிட்டிருந்தது.

அப்போதுதான் ஏதோ ஒரு சத்தம் நெடுநேரமாகக் கேட்டுக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள். சுவருக்கு அப்பால் டீசல் எஞ்சின் ஒன்று தடதடவென்று ஓடியது.

"ஜெனரேட்டரா?" என்று ஹோக்ஸ்டெட்லரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் தரையைப் பார்த்தார். "எங்க சபையில கரண்ட் கம்பி இழுக்கக் கூடாது. கோழிக்கு மட்டும் எஞ்சின் வெச்சுக்கலாம்னு பிஷப் சம்மதிச்சார். சபையில எல்லாருக்கும் அது புடிக்கல. ஊர்பூரா பரவ வேண்டாம்னு சீட்டுல எழுதல. பழைய பெட்டி இதே எஞ்சின்லதான ஓடுச்சு? ஒரு நிமிஷம் பிசகல. அப்புறம் என்னத்துக்குச் சொல்லணும்?"

கார்த் ஸ்கோப்பை அவள் பக்கம் திருப்பினான். சுவர் மின்சாரம் என்றால் திரையில் வழுவழுப்பான மேடும் பள்ளமுமாக ஓடும். இங்கே மேடு இறங்குகிற இடமெல்லாம் எலி கடித்த ரொட்டி மாதிரிப் பிய்ந்திருந்தது. அந்த நேரம் பெரிய காற்றாடி தானாக ஓடத் தொடங்கியது. பிய்ந்த இடங்கள் இன்னும் கூடின. ஒவ்வொரு கிழிசலையும் சிப் ஒரு துடிப்பு என்று எண்ணியது. ஆர்லீன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அது ஒரு நிமிஷம் நகர்வதற்குள் பெட்டியின் கடிகாரம் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் தாவியிருந்தது. பழைய பெட்டிக்குச் சொந்தக் கடிகாரம் இருந்தது; மின்சாரம் எப்படி வந்தால் அதற்கு என்ன?

கார்த் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன கெப்பாசிட்டரை எடுத்து, அந்த இரண்டு துளைகளில் சொருகி, பேட்டரியில் ஓடும் கருவியால் பற்றவைத்தான். கடிகாரம் அடங்கி, ஒழுங்காக நடந்தது.

"நீ கழட்டலைன்னா?" என்றாள் ஆர்லீன்.

"நீங்க சொல்லலைன்னா?" என்றான் கார்த்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகம் தீர்ந்துவிடவில்லை, உட்கார இடம் தேடி இருவருக்கும் நடுவே நின்றது.

பதில் பானியிடம் இருந்தது. பானி ஸ்வைஹார்ட் போர்டு பற்றவைக்கும் பிரிவை நடத்துகிறவள். மறுநாள் இருவரும் சேர்ந்து வந்து நின்றதைப் பார்த்ததும் அவளுக்கே ஆச்சரியம்.

"என்னது, கீரியும் பாம்பும் ஜோடியா வருது?"

"பானி, இந்தக் கெப்பாசிட்டரை விட்டுடச் சொன்னது யாரு?"

"ஏன், ராய்ஸ்தான்! உங்களுக்குத் தெரியாதா? வசந்தத்துல ஒருநாள் சின்ன கட்டரைக் கையில வெச்சுக்கிட்டு வந்தார். மாதிரி போர்டு ஓடிட்டிருந்துச்சு. ஒண்ணை வெட்டினார். ஓடுச்சு. இன்னொண்ணை வெட்டினார், ஓடுச்சு. மூணாவதை வெட்டினதும் நின்னுபோச்சு. அதை மட்டும் திருப்பி வெக்கச் சொல்லிட்டு, மத்ததெல்லாம் வேண்டாம்னுட்டார். குழந்தை மாதிரி சந்தோஷம் அவருக்கு. அந்த ரெண்டுல ஒண்ணுதான் கண்ணு இது."

பிறகு அவர்கள் ராய்ஸின் அறைக்குப் போனார்கள். அவர் முதலில் எழுந்தார், அப்புறம் உட்கார்ந்தார்.

"நான் கேக்காம எடுக்கல" என்றார். "கார்த், உன்கிட்டதான் கேட்டேன். காப்பி மிஷின் பக்கத்துல. 'இந்தச் சில்லறை அதிர்வெல்லாம் ஆர்லீன் ப்ரோக்ராமும் பாத்துக்குமா'ன்னேன். 'ஆமா, அதுக்கு வரி எழுதியிருக்காங்க'ன்னே."

கார்த்தின் முகம் வெளுத்தது. சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அந்த வரி இருந்தது. அதை நம்பி அவனும் ஒரு வார்த்தை சொன்னான். அவனுடைய கெப்பாசிட்டரை நம்பி ஆர்லீன் அந்த வரியை எடுத்தாள். அவளுடைய வரியை நம்பி ராய்ஸ் அந்தக் கெப்பாசிட்டரை எடுத்தார்.

"சரி, பெட்டி திரும்பி வர ஆரம்பிச்சப்ப உங்களுக்குத் தோணலையா?" என்றாள் ஆர்லீன். "நீங்க வெட்டினது நினைவு வரலையா?"

ராய்ஸ் மேஜையிலிருந்த காகிதத்தை நேராக்கினார். அது ஏற்கனவே நேராகத்தான் இருந்தது.

"வந்துச்சு" என்றாள் அவளே. "வந்ததாலதான் கதவைச் சாத்திட்டு என்கிட்ட வந்தீங்க."

"என்கிட்டயும் வந்தார்" என்றான் கார்த், மெதுவாக. "ஆர்லீனோட ப்ரோக்ராமைப் பாரு, அவங்ககிட்ட சொல்லாதே, வயசான பொம்பளை மனசு நொந்துடும்னார்."

"வயசான பொம்பளையா!" என்றாள் நாற்பத்தேழு வயது ஆர்லீன்.

ராய்ஸுக்கு அப்போதுதான் கோபம் வந்தது, அகப்பட்டுக்கொண்டவனின் கோபம். "ஏன், நான் மட்டும்தான் கெட்டவனா? 'கார்த் என் மேல பழி போடப் பாக்கிறான், தாளைத் திருட்டுத்தனமாப் படிச்சிருக்கான்'னு இந்த நாற்காலியில உக்காந்து சொன்னது யாரு? 'ஆர்லீன் எதையோ ஒளிக்கிறாங்க, வேலையை விட்டு அனுப்புங்க'ன்னு சொன்னது யாரு? நான் கேக்கவே இல்ல. நீங்களாத்தான் வந்து கொட்டினீங்க!"

ஆர்லீன் கார்த்தைப் பார்க்கவில்லை. கார்த் கதவைப் பார்த்தான். 'வேலையை விட்டு அனுப்புங்க' என்று சொல்கிற வரை போயிருக்கிறான். தான் மட்டும் என்ன, விட்டுவைத்தாளா? ராய்ஸ் தந்திரக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் போட்ட தூண்டிலில் புழு இல்லை. இவர்கள் இரண்டு பேரும் வெறும் முள்ளையே ஓடிப்போய்க் கவ்விக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் கணக்கு வழக்கு. ஆர்லீன் வரிகளைத் திருப்பிச் சேர்க்க வேண்டுமென்றால் பெரிய சிப் வேண்டும், புது அச்சு வேண்டும், வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். கெப்பாசிட்டர் சில சென்ட் விலை. அதை வைக்க ஒரு நிமிஷம் கைவேலை. கிடங்கில் இருந்த பெட்டிகளையெல்லாம் பானியின் ஆட்கள் திறந்து பற்றவைத்தார்கள். வெளியே போனவற்றுக்கு ஆர்லீனும் கார்த்தும் பண்ணை பண்ணையாகப் போனார்கள், ஒரே வண்டியில், அதிகம் பேசாமல்.

ஹோக்ஸ்டெட்லரின் பண்ணைக்குப் போனபோது அவர் கேட்டார்: "கெட்டுப்போனது எது? மெஷினா, அதுக்குள்ள எழுதினதா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் கார்த். "இது இருக்குன்னு அதை எடுத்தாங்க. அது இருக்குன்னு இதை எடுத்தாங்க."

ஹோக்ஸ்டெட்லர் முதல் தடவையாகச் சிரித்தார். "போன மாசம் எங்க வீட்ல கன்னுக்குட்டியெல்லாம் ரோட்டுக்குப் போயிடுச்சு. கேட்டைச் சாத்தினது தம்பின்னு பெரியவன் நெனச்சான், அண்ணன்னு சின்னவன் நெனச்சான். நீங்க காலேஜ் படிச்சதுக்கு எங்க வீட்டுப் பசங்களாவே இருந்திருக்கலாம்."

சிரித்தாலும், சரிசெய்த பெட்டிகளை அவர் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒழுங்காக ஓடுவதாகவும், ஆனால் தினமும் போய்க் கடிகாரத்தைச் சரிபார்க்காமல் தன்னால் இருக்க முடியவில்லை என்றும் சொன்னார். போட்டிக் கம்பெனியின் சரக்குக்கு மாறினார். அவர் பேச்சை நம்பி இன்னும் சில பண்ணைகளும் மாறின. ராய்ஸ் மிச்சம் பிடித்ததாகச் சொன்ன பணம் அந்தக் குளிர்காலத்திலேயே கரைந்தது.

ஆர்லீனும் கார்த்தும் சமாதானம் ஆனார்கள் என்று சொல்ல முடியாது. காலை வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அவள் எழுதிய தாள்களை அவன் மேஜையில் தானே கொண்டுபோய் வைத்தாள். அவன் வரைபடத்தை இவள் மேஜையில் வைத்தான். ஆனால் மதியச் சாப்பாட்டு அறையில் ஒருவர் நுழைந்தால் மற்றவர் பேச்சு தடைபடும். 'அனுப்புங்க' என்ற அந்த ஒரு சொல்லும், 'திருட்டுத்தனமா' என்ற அந்த ஒரு சொல்லும் இரண்டு பேர் காதிலும் நின்றுவிட்டன. ஒன்றரை வருஷத்தில் கார்த், பக்கத்து ஊரான எல்க்ஹார்ட்டில் சுற்றுலா வண்டி செய்கிற கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டான். பிரிவுபசாரத்தில் கை குலுக்கியபோது, "ஆர்லீன், நான் ராய்ஸ்கிட்ட சொன்னதை நெனச்சா இன்னும் கூசுது" என்றான். "எனக்கும்தான்" என்றாள்.

ராய்ஸ் சில வருஷத்தில் கம்பெனியை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவுக்குப் போனார். ஆர்லீன் அங்கேயே இருந்தாள். யாரைப் பற்றியாவது மனசு முடிச்சுப் போட ஆரம்பித்தால், குப்பைக்கூடைப் பக்கம் போகாமல் நேரே அந்த ஆளிடம் போய் நிற்பாள். "நீ இதை எடுத்தியா?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். புதிதாக வந்தவர்கள் அவளைக் கண்டு ஒளிந்தார்கள். மரியாதை தெரியாத பொம்பளை என்று பேர் வந்தது. அவளுக்கு அந்தப் பேர் சௌகரியமாக இருந்தது.

கார்த்திடமிருந்து பல வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி வந்தது.

"ஆர்லீன், நான் கார்த். இங்க வண்டியில பேட்டரி அளவு காட்டுற போர்டு ஒண்ணு. ஒரு சிப்பை எடுத்துட்டு ப்ரோக்ராம்லயே கணக்குப் போடலாம்னு சொல்லியிருக்கேன். எல்லாரும் பாத்துட்டாங்க, எல்லாரும் சரின்னுட்டாங்க. அதான் பயமா இருக்கு."

"எங்கிட்ட என்ன எதிர்பாக்கிற?"

"என்னைத் திருடன்னு நெனச்சு ஒரு தடவை பாக்கணும். அது உங்களால மட்டும்தான் முடியும்."

ஆர்லீனுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை. மதியம் வரச் சொன்னாள். கார்த் வந்து, அவள் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் காப்பிக் கோப்பைகளை வைத்தான். அவனுக்குத் தலை நரைத்திருந்தது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை நெருக்கி இழுத்தாள்.

"இந்த ரெசிஸ்டரை ஏன் இவ்வளவு ஓரமா வெச்சிருக்க?" என்றாள். "யார் கண்ணுக்கும் படக் கூடாதுன்னா?"

கார்த் பென்சிலை எடுத்துப் பதில் சொல்ல ஆரம்பித்தான்.